தூக்கு மேடையும் சாட்சிக் கூண்டும்

மரண தண்டனை அறத்துக்கு ஒத்ததா என்னும் வினா பல்கலைக்கழக விவாத மேடைகளுக்குப் புதியதன்று. ஆண்டுதோறும் ஏதோ ஒரு மண்டபத்தில் அது எழுப்பப்படுகின்றது. கொலைக்குக் கொலையே ஈடு என்பர் ஒரு சாரார். உயிரைக் கொடுக்க இயலாத அரசுக்கு அதனை எடுக்கவும் உரிமையில்லை என்பர் மறு சாரார். அச்சத்தினாற் குற்றம் குறையும் என்று முன்னவர் கூற, புள்ளிவிபரங்கள் அதற்கு இடந்தரவில்லை என்று பின்னவர் மறுப்பர். இரு பக்கத்துக்கும் கைதட்டல் கிடைக்கும், நடுவர் முடிவு சொல்வார், மண்டபம் கலையும். இவ்விவாதங்களிற் பெரும்பாலும் பேசப்படுவோர் இருவரே: கொன்றவன் ஒருவன், அவனைக் கொல்லப்போகும் அரசு மற்றொன்று. கொல்லப்பட்டவருக்கும், அவர் வருவார் என வாசலிற் காத்திருப்போருக்கும் இச்சமூகம் என்ன கடன்பட்டிருக்கின்றது என்ற வினா ஓரமாய் ஒதுங்கி நின்றுவிடுகின்றது. அவ்வினாவை நடுவே கொணர்ந்து வைத்தால் வழக்கு வேறொரு வடிவம் கொள்ளும். அதற்கான சான்றைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாண நகரின் நுழைவாயிலான செம்மணி வெளியிலேயே அது கிடக்கின்றது.

1996 செப்டெம்பர் 7 ஆந் திகதி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி, க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் இரசாயனவியல் வினாத்தாளை எழுதி முடித்துக் கைதடியிலுள்ள தம் வீட்டுக்குச் சைக்கிளிற் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 18. வழியில், செம்மணியிலிருந்த இராணுவச் சோதனைச் சாவடியில் அவர் மறிக்கப்பட்டார். நேரமாகியும் மகள் வராமையால் தாயும், 16 வயதுத் தம்பியும், அயலவர் ஒருவரும் அவரைத் தேடிச் சென்றனர். தேடிச் சென்றவர்களும் வீடு திரும்பவில்லை. வாரங்கள் பல கழிந்த பின்னரே நால்வரின் உடல்களும் அவ்வெளியில் ஆழமற்ற குழிகளிலிருந்து எடுக்கப்பட்டன. மாணவி கூட்டு வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டே கொல்லப்பட்டார் என்பது பின்னர் நீதிமன்றத்தில் நிறுவப்பட்டது.

உயர்தரப் பரீட்சை எழுதிய எவருக்கும் அந்நாளின் முற்பகுதி தெரிந்த ஒன்றே. வினாத்தாளை மடித்துப் பையில் வைப்பதும், விடைகளைத் தோழியரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும், அடுத்த பாடத்துக்கு எத்தனை நாள் இருக்கின்றதென விரல் மடிப்பதும் பல்கலைக்கழக வாசலைக் கடந்து வந்த ஒவ்வொருவரின் நினைவிலும் உள்ளவை. அவ்வாசல் வரை வந்திருக்க வேண்டிய ஒருவர் ஒரு சாவடியோடு நின்றுவிட்டார். இவ்வழக்கில் மரண தண்டனைக்கு எதிராக ஒரு சொல் சொல்வதற்கும் நா எழாது. எனவேதான் இவ்வழக்கிலேயே அவ்வினாவைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். இங்கு நிற்காத வாதம் வேறெங்கும் நிற்காது.

மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மேல் நீதிமன்றம் கொழும்பில் இவ்வழக்கை விசாரித்தது. போர்க் காலத்தில், ஆயுதந் தாங்கிய படையினருக்கு எதிராக, ஒரு தமிழ்க் குடும்பத்தின் கொலை வழக்கு முடிவு வரை சென்றமை அரிதினும் அரிதாகவே நிகழ்ந்தது. 1998 யூலை 3 ஆந் திகதி பாதுகாப்புப் படையினர் சிலருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டிலும் அது உறுதியாயிற்று. தீர்ப்பின்போது, சொல்வதற்கு ஏதேனும் உண்டோ என வினவப்பட்டது. எதிரிகளுள் ஒருவனான லான்ஸ் கோப்ரல் அப்போது வாய் திறந்தான். தாம் மேலிடத்து உத்தரவின்படி உடல்களைப் புதைத்தவர்களே என்றும், செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என்றும், அவ்விடங்களைத் தன்னாற் காட்ட இயலும் என்றும் அவன் கூறினான். அதுவரை வதந்தியாகவும் அழுகையாகவும் மட்டுமே உலவிய ஒரு செய்தி, அன்றுதான் முதன்முறையாக நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிற்று.

அடுத்த ஆண்டு, 1999 இல், அவனும் உடன் தண்டனை பெற்ற சிலரும் இடங்களைக் காட்ட, நீதிமன்றக் கண்காணிப்பிற் செம்மணியில் அகழ்வு நடைபெற்றது. 15 எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பின்னர் அகழ்வு நின்றது; விசாரணையும் தேய்ந்தது. நிலத்தின் மேற் புல் முளைத்தது. 26 ஆண்டுகள் கழிந்து, 2025 பெப்ரவரியில், அதே செம்மணிப் பகுதியிலுள்ள சிந்துபாத்தி மயானத்தில் எரிமேடை அமைப்பதற்காக நிலத்தை வெட்டியபோது எலும்புகள் தலைகாட்டின. அவ்வாண்டு முடிவதற்குள் 200 இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அங்கே அடையாளங் காணப்பட்டன. சிறுவர்களின் எலும்புகள் அவற்றுட் சில. பாடசாலைப் பையொன்றும், விளையாட்டுப் பொம்மையொன்றும், பாற்போத்தலும் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டன. இவர்கள் எவர், எக்காலத்தில், எவராற் புதைக்கப்பட்டனர் என்பதனை விசாரணையே முடிவுசெய்தல் வேண்டும். அவ்விசாரணைக்குச் சாட்சியமளிக்கத் தயார் என்ற செய்தி, அதே லான்ஸ் கோப்ரலிடமிருந்து, அவன் மனைவி சனாதிபதிக்கு எழுதிய கடிதத்தின் வாயிலாக 2025 இல் வெளிவந்தது.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். அவன் பேசுவதற்கு உயிரோடிருந்தமைக்குக் காரணம் என்ன? சட்டத்தின் எழுத்து அவனைக் காப்பாற்றவில்லை. அது அவனுக்குத் தூக்கையே விதித்தது. 1976 யூன் 23 இற்குப் பின்னர் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்ற வழக்கமே அவனை வைத்திருந்தது. தீர்ப்பு எழுதப்பட்டவாறே நிறைவேற்றப்பட்டிருப்பின், அவன் அறிந்தவையெல்லாம் வெலிக்கடையில் ஒரு காலைப் பொழுதில் முடிந்திருக்கும். கிருஷாந்தியின் கொலைக்கு ஒரு கணக்குத் தீர்ந்திருக்கலாம். அவ்வெளியிற் கிடந்த ஏனையோரின் கணக்கோ திறக்கப்படாமலே மூடப்பட்டிருக்கும்.

மரண தண்டனைக்கு ஆதரவான வாதங்களுள் வலிமை மிக்கது அச்சம் பற்றியதன்று, ஈடு பற்றியதே. ஜேர்மன் தத்துவஞானி இமானுவேல் கான்ட் 1797 இல் வெளியான தம் நூலொன்றில் ஒரு தீவினை உவமை காட்டுவார். அத்தீவில் வாழும் மக்கள் தம் சமூகத்தைக் கலைத்துவிட்டு உலகெங்கும் பிரிந்து செல்ல முடிவுசெய்தாலும், புறப்படுமுன் சிறையிலுள்ள கடைசிக் கொலையாளியையும் தண்டித்தே செல்லுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்றேல் அக்குருதிப் பழி மக்கள் அனைவர் மீதும் படியும் என்றார். கடுமையான கொள்கையெனினும் அதன் அடியில் ஒரு மதிப்பு உண்டு. கொல்லப்பட்டவரின் உயிர் அற்பமானதன்று, அதற்குரிய விலையைச் சமூகம் கேட்டே தீர வேண்டும் என்பதே அது. செம்மணியில் ஒரு மாணவிக்கு இழைக்கப்பட்டதைச் செய்தவன் மரணத்துக்குத் தகுதியற்றவன் என்று எவரும் வாதிட வேண்டிய தேவையில்லை. அவன் தகுதியுடையவனாகவே இருக்கட்டும்.

ஆயினும், குற்றவாளி எதற்குத் தகுதியுடையவன் என்பதோடு அறத்தின் வினாக்கள் முடிந்துவிடுவதில்லை. கான்டின் தீவிற் பழி இன்னது, அதனைச் செய்தவர் இன்னார் என்பதெல்லாம் முன்னரே தெரிந்திருக்கின்றன. கயிற்றை மாட்டுவது ஒன்றே எஞ்சிய வேலை. இந்தத் தீவில் அவ்வாறன்று. எத்தனை பேர் கொல்லப்பட்டனர், எங்கே கிடக்கின்றனர், எவர் ஆணையிட்டனர் என்பவையே இங்கு எஞ்சியுள்ளன. கடைசிக் கொலையாளியைத் தூக்கிலிட்டுவிட்டுப் புறப்படும் மக்கள், காணாமற் போனோரின் பெயர்ப் பட்டியலையும் அவனோடு புதைத்துவிட்டே புறப்படுவர்.

உறவினரை இழந்த யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் கடன் எதுவென்பதனை அக்குடும்பத்தின் சடங்குகளே சொல்லும். உடலை எரித்தல், சாம்பலைக் கடலிற் கரைத்தல், 31 ஆம் நாளில் அந்தியேட்டி, ஆண்டுதோறும் திவசம் என இறந்தவருக்குச் செய்ய வேண்டியவை ஒரு முறையாக அமைந்துள்ளன. இவற்றுள் ஒன்றேனும் கொலையாளியின் மரணத்தை வேண்டி நிற்பதில்லை. இவை அனைத்தும் வேண்டி நிற்பன இரண்டே: இறந்தார் என்ற உறுதி, இறந்த நாள். அவ்விரண்டும் இல்லாத வீட்டில் அந்தியேட்டியுமில்லை, திவசமுமில்லை. தாய் பொட்டை அழிப்பதா வைப்பதா என்பதுகூடத் தெரியாமல் ஆண்டுகள் போகின்றன. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் வடக்கு கிழக்கின் தெருவோரங்களிற் கொட்டகையிட்டுப் படங்களோடு அமர்ந்தபோது கேட்டதும் தம் பிள்ளைகள் எங்கே என்பதனையே. தூக்குக் கயிறு அக்கேள்விக்கு விடை சொல்லாது. விடையறிந்தவனின் கழுத்தை அது நெரித்துவிடும்.

அவ்வாறாயின், சொல்ல வேண்டியதை அவன் சொல்லி முடிக்கும் வரை வைத்திருந்து, பின்னர் தூக்கிலிடலாமே என ஒரு மறுப்பு எழலாம். இதற்கு விடை செம்மணியின் காலக்கணக்கிலேயே உள்ளது. கொலை 1996 இல். தீர்ப்பு 1998 இல். முதல் அகழ்வு 1999 இல். பெருந்தொகையான எலும்புகள் வெளிப்பட்டது 2025 இல். சாட்சியத்துக்கு இனித் தேவையில்லை என்று இவற்றுள் எந்த ஆண்டில் எந்த நீதிபதி எழுதியிருக்க முடியும்? மேலும், பேசி முடித்த மறுநாள் தூக்கு என்றறிந்தவன் பேசி முடிக்க மாட்டான். அல்லது நாளை நீட்டுவதற்காகப் பொய்யைச் சேர்த்துப் பேசுவான். குற்றவாளியின் சொல் அனைத்தும் மெய்யென்று கொள்ள வேண்டியதில்லை. தன் பழியை மேலிடத்தின் மீது சுமத்தித் தான் தப்ப நினைப்பதும் மனித இயல்பே. அதனாலேதான் அவன் உயிரோடு குறுக்கு விசாரணைக்கு உட்படுதல் இன்றியமையாதது. செத்தவனின் வாக்குமூலத்தை எவரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

இது செம்மணிக்கு மட்டும் உரிய தனித்தன்மையென ஒதுக்கவும் இயலாது. இந்நாட்டின் மிகப் புகழ்பெற்ற தூக்குத் தண்டனையின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. 1956 இல் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் மரண தண்டனையை நிறுத்தி வைத்தது. 1958 இல் அதற்கெனச் சட்டமும் இயற்றிற்று. இதன் விளைவுகளை ஆராய, அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த சட்ட அறிஞர் நோர்வல் மொறிஸ் தலைமையில் ஆணைக்குழுவொன்று அமைக்கப்பட்டது. இலங்கைப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் த. நடராஜா அதன் அங்கத்தவருள் ஒருவர். தண்டனையை நிறுத்தி வைத்தமையாற் கொலைகள் பெருகின என்பதற்கு ஆதாரமில்லை என்றே அவ்வாணைக்குழு கண்டது. 1959 செப்டெம்பர் 25 ஆந் திகதி பிரதமர் தம் இல்லத்திலேயே சுடப்பட்டு மறுநாள் உயிர் நீத்தார். தம்மைச் சுட்டவர்மீது பழிவாங்க வேண்டாம், கருணை காட்டுங்கள் என்று மரணப் படுக்கையிலிருந்து அவர் கேட்டுக்கொண்டார். நாட்டின் சினம் அதற்குச் செவிசாய்க்கவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் மரண தண்டனை மீண்டும் சட்டமாயிற்று; முன்னர் நிகழ்ந்த கொலைக்கும் அது செல்லும் வண்ணம் எழுதப்பட்டது.

1961 இல் மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. துப்பாக்கியை இயக்கிய சோமராம தேரர் ஒருவர். சதியின் தலைவராகக் கருதப்பட்ட களனி விகாராதிபதி புத்தரக்கித தேரரும் அவருடைய கூட்டாளியும் மற்றிருவர். மேன்முறையீட்டில் ஒரு குறை வெளிப்பட்டது. அவசரத்தில் எழுதப்பட்ட அச்சட்டத்தின் சொற்கள் கொலைக்கு மட்டுமே முற்காலத்தை நோக்கிச் சென்றன. கொலைக்கான சதிக்குச் செல்லவில்லை. ஆகவே, திட்டமிட்ட இருவரின் தண்டனையும் ஆயுட்காலச் சிறையாகக் குறைந்தது. 1962 யூலை 6 ஆந் திகதி சோமராம மட்டும் தூக்கிலிடப்பட்டார். சினத்தினால் வனையப்பட்ட கயிறு இயக்கிய தலையை விட்டுவிட்டு இயங்கிய கையைப் பற்றிற்று.

இதனை ஒரு சட்ட வரைவாளரின் தவறு என்று மட்டுங் கொள்வது பொருந்தாது. கொலையின் இயல்பிலேயே இது அடங்கியுள்ளது. அதிகாரம் செய்யும் கொலைகளில் ஆணையிடுபவன் தொலைவில் இருக்கின்றான். அவன் விரலில் வெடிமருந்தின் மணமில்லை. கையொப்பமும் பெரும்பாலும் இருப்பதில்லை. சான்றுகள் மண்வெட்டி பிடித்தவனையும் துப்பாக்கி பிடித்தவனையுமே முதலிற் சென்றடைகின்றன. அவர்களிலிருந்து மேலே ஏறுவதற்கு உள்ள ஒரே ஏணி அவர்களின் வாயே. கீழ்ப்படியில் நிற்பவனைத் தூக்கிலிடும் அரசு, நீதி செய்ததாகத் தோற்றங் காட்டிக்கொண்டே அவ்வேணியை எடுத்துவிடுகின்றது. கொன்றவன் அணிந்திருந்த சீருடை அரசினுடையதாயின் இத்தோற்றம் இன்னும் வாய்ப்பானது. விரலொன்றை வெட்டி எறிந்துவிட்டு உடல் தூயதென்று சொல்லிக்கொள்ளலாம்.

தமிழிலக்கியம் இவ்வுண்மையை நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடுங்கோலன் அல்லன். அரசியின் ஊடலைத் தணிக்க விரைந்த வேளையில் ஒரு பொற்கொல்லனின் சொல்லைக் கேட்டு ஆராயாது ஆணையிட்டான் என்பதே அவன் பிழை. இக்கதையில் மிகுந்த கவனத்துக்குரிய பாத்திரம் அப்பொற்கொல்லனே. அரசியின் சிலம்பைத் திருடியவனும் அவன். கோவலனைத் திருடனென்று காட்டிக்கொடுத்த சாட்சியும் அவன். கோவலனின் மரணம் அவனுக்கு வேண்டியிருந்தது. ஏனெனில், கோவலன் வாய் திறந்தால் விசாரணை தொடங்கும். வெட்டுண்ட கணவனுக்காகப் பேச எஞ்சியது கண்ணகியின் காற்சிலம்பு ஒன்றே. முத்துக்குப் பதிலாக மாணிக்கம் சிதறியபோது உண்மை வெளிப்பட்டது. ஆயின் கோவலன் எழவில்லை.

இது காப்பியக் கற்பனையென்று தள்ளுவோர் இலண்டன் நகரின் வழக்கொன்றை நோக்கலாம். மகளைக் கொன்றதாகத் தீர்க்கப்பட்டு 1950 மார்ச்சில் திமொதி எவன்ஸ் என்பவர் தூக்கிலிடப்பட்டார்; மனைவியின் கொலையும் அவர்மீதே சாட்டப்பட்டிருந்தது. அவருக்கு எதிரான முக்கிய சாட்சி, அதே வீட்டிற் குடியிருந்த ஜோன் கிறிஸ்டி. மூன்றாண்டுகளின் பின் அவ்வீட்டிலேயே பெண்களின் சடலங்கள் கண்டெடுக்கப்பட்டன. கிறிஸ்டி பல பெண்களைக் கொன்றவன் என்பது தெரியவந்தது. எவன்சின் மனைவியைக் கொன்றதையும் அவன் ஒப்புக்கொண்டான். 1953 இல் அவனும் தூக்கிலிடப்பட்டான். 1966 இல் எவன்சுக்கு அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை. மதுரையின் பொற்கொல்லனும் இலண்டனின் கிறிஸ்டியும் ஒரே இடத்தில் நின்றவர்கள். உண்மைக் குற்றவாளி சாட்சியாக நிற்கும்போது, தூக்கு மேடை அவனுடைய ஆயுதமாகிவிடுகின்றது. பாண்டியனாவது தவற்றையறிந்த கணத்தில் அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் துறந்தான். இக்கால அரசுகள் தவற்றுக்காக உயிர் துறப்பதில்லை. ஓர் அறிக்கை வெளியிடும்.

தமிழறத்தின் பெயரால் மரண தண்டனையை ஆதரிப்போர் வள்ளுவரை நாடுவதுண்டு. செங்கோன்மை அதிகாரத்தில், கொடிய கொலைஞரை வேந்தன் தண்டித்தலைப் பயிர் வளரக் களையெடுப்பதோடு அவர் ஒப்பிடுவது உண்மை. அவ்வுவமையை மழுப்பத் தேவையில்லை. உழவனின் கண்கொண்டு அதனைப் பார்த்தாற் போதும். தோட்டத்திற் கோரை முளைத்தால் மேலே தெரியும் தாளை மட்டும் கிள்ளுபவனை எவரும் நல்ல கமக்காரன் என்று சொல்லார். மண்ணுக்கடியிற் கிழங்கு இருக்கின்றது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடிச் செல்லும் வேரிருக்கின்றது. தாளைப் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டு போனாலே கிழங்கு கையில் வரும். தாளை அறுத்துவிட்டாற் கிழங்கு எங்கே கிடக்கின்றதென்பதும் தெரியாது போகும்.

எல்லாளனின் கதையும் அவ்வாறே. கன்றின் மீது தேரேற்றிய மகனை அதே தேர்ச் சக்கரத்தினாற் கொல்வித்தான் என அநுராதபுரத்து மன்னனாகிய அவனைப் பகைவரின் மரபில் எழுந்த மகாவம்சமே போற்றுகின்றது. அக்கதையின் பெருமை சக்கரத்தில் இல்லை. நீதி தன் சொந்த அரண்மனைக்குள் நுழைவதற்கு அரசன் கதவைத் திறந்துவிட்டான் என்பதிலேயே அது உள்ளது. கதவைப் பூட்டிக்கொண்டு காவற்காரனைத் தேர்க்காலிலிடும் அரசு எல்லாளனின் பெயரைச் சொல்லுதல் தகாது.

இனி, இலங்கைத் தமிழரிடையே எழக்கூடிய மிகக் கசப்பான மறுப்பொன்று எஞ்சியுள்ளது. 2000 டிசெம்பரில் மிருசுவிலில், தம் வீடு வளவுகளைப் பார்க்கச் சென்ற பொதுமக்கள் எண்மர் கொல்லப்பட்டனர். ஐந்து வயதுக் குழந்தையும் அவர்களுள் அடங்கும். காயத்தோடு தப்பிய ஒருவரின் சொல்லாலேதான் புதைகுழி வெளிப்பட்டது. 2015 யூனில் இராணுவச் சாஜன் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019 இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 2020 மார்ச் 26 ஆந் திகதி அப்போதைய சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கி விடுவித்தார். தூக்கு நிறைவேறியிருப்பின் இம்மன்னிப்புக்கு இடமிருந்திருக்காதே என்று கொல்லப்பட்டோரின் உறவினர் கேட்டால், அக்கேள்விக்கு முன் எந்தத் தத்துவமும் தலைகுனிந்தே நிற்க வேண்டும்.

ஆயினும், அக்கேள்வியின் உள்ளே ஒரு மயக்கம் இருக்கின்றது. இலங்கையில் ஒருவரைத் தூக்கிலிடுவதற்குச் சனாதிபதியின் கையொப்பம் வேண்டும். மன்னிப்பதற்கும் அதே கையொப்பமே வேண்டும். இரண்டும் ஒரே பேனாவின் மையே. 2019 யூனில் அப்போதைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன நான்கு பேரின் தூக்குக்குக் கையொப்பமிட்டதாக அறிவித்தார். அந்நால்வரும் போதைப்பொருட் குற்றவாளிகள். யூலை 5 ஆந் திகதி உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. அதே சனாதிபதி அவ்வாண்டு நவம்பரில், பதவி விலகும் தறுவாயில், ரோயல் பார்க் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற ஒருவருக்கு மன்னிப்பளித்தார். ஓராண்டுக்குள் ஒரு கை இரண்டையும் செய்தது. இவற்றை இணைத்துப் பார்ப்பவருக்கு விளங்குவது ஒன்றே: கயிறு எவர் கழுத்தைச் சேரும் என்பதனைக் குற்றத்தின் கொடுமை தீர்மானிப்பதில்லை, பின்னால் ஆளில்லாமையே தீர்மானிக்கின்றது. மிருசுவிற் கொலையாளியை மன்னிக்கத் துணிந்த அதிகாரம், அவரைத் தூக்கிலிடும் பத்திரத்தில் ஒருபோதும் கையொப்பமிட்டிருக்காது. ஆகவே, அங்கே வேண்டியிருந்த காப்புக் கயிறன்று. அப்பேனாவுக்கு ஓர் அணையே.

அத்தகைய அணை இயலாத ஒன்றுமன்று. ரோயல் பார்க் வழக்கின் மன்னிப்பை 2024 யூனில் உயர் நீதிமன்றம் செல்லாதெனத் தீர்த்தது. மன்னிப்பதிகாரமும் நீதிமன்றத்தின் பார்வைக்கு உட்பட்டதே என்பது இதனாற் தெளிவாயிற்று. காரணங் காட்டாது திறக்க முடியாத ஆயுட்காலச் சிறை, பாதிக்கப்பட்டோரைக் கேளாது வழங்க முடியாத மன்னிப்பு, தண்டனை பெற்றவன் உண்மை சொல்ல முன்வரும்போது அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் பாதுகாப்பு ஆகிய மூன்றும் அமையுமாயின், தூக்கு மேடை அளிப்பதாகச் சொல்லும் நீதியிலும் உறுதியான நீதி கிடைக்கும். இவை அமையாத நாட்டில் மரண தண்டனை பெயரளவில் இருந்துகொண்டு, கொல்லவும் கொல்லாது, காவலிலும் வைக்காது, மிருசுவிலில் நிகழ்ந்தவாறு வாயிற்கதவாகவே முடிகின்றது.

இத்தண்டனை வேண்டிநிற்கும் மற்றொரு மனிதரைப் பற்றியும் ஒரு சொல் சொல்லுதல் தகும். 2019 பெப்ரவரியில் அலுகோசு பதவி இரண்டுக்கு விண்ணப்பங் கோரும் விளம்பரம் பத்திரிகையில் வெளியாயிற்று. விண்ணப்பிப்போர் ஒழுக்கத்திற் சிறந்தவராகவும் மனவலிமை உடையவராகவும் இருத்தல் வேண்டும் என அதிற் கண்டிருந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 2014 இல், அப்பதவிக்குத் தெரிவான ஒருவர் தூக்கு மேடையைக் கண்ட அளவிலேயே வேலையை விட்டுச் சென்றார். கொல்வதற்கு ஒழுக்கமுள்ள ஒருவரைத் தேடும் அரசு, கையொப்பமிடும் கையிலிருந்து கயிற்றை இழுக்கும் கையைத் தூரமாக வைத்துக்கொள்கின்றது. ஆணையிடுவோன் வேறு, செய்வோன் வேறு என்னும் அந்தப் பழைய ஒழுங்கு தண்டனைக்குள்ளும் குடிகொண்டிருக்கின்றது. வேலையை விட்டுச் சென்ற அம்மனிதர் தம் கையைத் தம்முடையதாகவே வைத்திருக்க விரும்பினார் போலும்.

மரண தண்டனை அறத்துக்கு ஒத்ததா என்ற வினாவுக்கு இவ்வாறாகச் செம்மணி ஒரு விடையைத் தருகின்றது. கொன்றவன்மீதுள்ள இரக்கத்தால் அவ்விடை பிறக்கவில்லை. கிருஷாந்தியும், அவரைத் தேடிச் சென்றவர்களும், பெயர் தெரியாது அவ்வெளியிற் கிடந்தவர்களும் இரக்கத்துக்கு முதலுரிமை உடையவர்கள். அவர்களுக்குரிய கடன் உண்மையாலன்றித் தீராது. உண்மைக்கு உயிருள்ள வாய் வேண்டும். அவ்வாய் அருவருக்கத்தக்க ஒருவனுடையதாயினும் அதனைக் காத்து வைத்திருத்தல் இறந்தோருக்குச் செய்யும் கடமையே. பாற்போத்தலும் பாடசாலைப் பையும் மண்ணிலிருந்து எழுந்து வந்துவிட்டன. அவற்றுக்குரியோரின் பெயரைச் சொல்லக் கூடியவர்கள் எங்கோ இன்னும் உயிரோடிருக்கக்கூடும். அவர்களிற் சிலர் சிறையிலும், சிலர் வெளியிலும், சிலர் உயர்ந்த இடங்களிலும் இருக்கலாம். அவர்களை ஏற்றி நிறுத்த வேண்டிய இடம் சாட்சிக் கூண்டு. தூக்கு மேடைக்கெனச் சேர்த்து வைத்த பலகைகள் இந்நாட்டில் இருக்குமாயின், அவற்றைக் கொண்டு அக்கூண்டைச் செய்தல் நலம்.